முன்னறைக் கட்டில்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இன்று அந்த வரி எனக்குக் கை வரவில்லை. கடைசியில் எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். கூப்பிட்டபோதெல்லாம், "அம்மா, கடையில ஆள் நிக்கறாங்க, அப்புறம் பேசறேன்" என்றாய். மருந்துக்கடை என்றால் ஆள் நிற்கத்தான் செய்வார்கள். இதைக் கல்லாவில் வைத்துப் படிக்காதே, பில் போடுகிறவர் எட்டிப் பார்ப்பார். கடையை மூடிவிட்டு, தனியாக உட்கார்ந்து, முழுக்கப் படி. பாதியில் மடித்து வைத்தால் மறுபடி பிரிக்க மாட்டாய். உன்னைப் பெற்றவள், எனக்குத் தெரியும்.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. குழாய்க்காரர் கோணலாக மாட்டிவிட்டுப் போனார். திரும்பக் கூப்பிட்டு நேராக்கச் சொன்னேன். அவர் உன் மனைவியிடம், "தண்ணி வந்தா போதாதாம்மா? உங்க மாமியார் ஸ்கேல் வச்சுப் பாக்கறாங்களே!" என்றார். அவள் சிரித்தாள். இங்கே வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மாடியில் குடியிருப்பவர்களின் துணி துவைக்கும் இயந்திரம் இன்னும் லாரி மாதிரிதான் ஓடுகிறது. என் புதுக் கண்ணாடி பரவாயில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"கொஞ்ச நாள் உன்கிட்ட இருக்கட்டும்மா. நீ பேசிப் பாரு. அவளுக்கு என்னைப் பிடிக்கலை. பிடிக்கலைன்னா முடிச்சுக்கலாம்" என்று சொல்லி அவளை ரயிலேற்றிவிட்டாய். தேதி முடிந்த சரக்கைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புகிறவன் குரலில் சொன்னாய்.

வந்த அன்று மாலையே பார்த்தேன். நின்றுகொண்டு சாப்பிட்டாள். "குதிரைதான் நின்னுக்கிட்டே தின்னும். உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள், நாற்காலியின் நுனியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து. அவள் உட்கார்ந்த விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எழுந்து போய் ஒரு பெரிய துண்டை எடுத்து வந்து, மடித்து, நடுவில் பள்ளம் விழும்படி நாற்காலியில் வைத்தேன். "எதுக்கு அத்தை?" என்றாள். "உக்காந்து பாரு" என்றேன். உட்கார்ந்தவள் என்னையே பார்த்தாள்.

மறுநாள் குளியலறை ஆஸ்பத்திரி மாதிரி மணந்தது. தரை துடைக்கிற காரமான கிருமிநாசினி, உன் கடையிலிருந்து வந்த பெரிய பாட்டில். அவள் உள்ளாடைகளைத் தனியாக ஒரு பழைய பாத்திரத்தில் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். "அங்க கொஞ்சம் எரிச்சல் அத்தை" என்றாள். அங்கே என்றால் எங்கே என்று விடாமல் கேட்டேன். சுவரைப் பார்த்தாள். "செவுத்துக்கிட்ட சொல்லாதே, என்கிட்ட சொல்லு" என்றேன். அரை மணி நேரம் அழுதுவிட்டுச் சொன்னாள்.

எங்கள் கான்வென்ட்டில் உடல்நலப் பாடம் எடுத்த சிஸ்டர் கரும்பலகையில் முழு உடம்பையும் வரைவார். மூளை, இதயம், ஈரல், குடல், ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவார். இடுப்பு வந்ததும் சாக்பீஸ் நேரே முழங்காலுக்குத் தாவிவிடும். முழங்காலில் உள்ள எலும்புகளை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நடுவில் இருப்பதற்குப் பெயர் தெரியாமலே மனைவியானேன், தாயானேன், விதவையானேன். இந்தக் கடிதத்தில் அதைப் பெண்ணுறுப்பு என்று எழுதுகிறேன். அம்மா எழுதுகிறாளே என்று கூச்சப்படாதே. நீ விற்கிற களிம்பு டியூபின் அட்டையில் அச்சடித்திருக்கிற வார்த்தைதான்.

கல்யாணமான மறுவருஷம் அவளுக்கு வெள்ளைப்படுதலும் அரிப்பும் வந்தது. உன்னிடம் சொன்னாள். பூஞ்சைத் தொற்று என்று சொல்லிக் கடையிலிருந்து ஒரு டியூபைச் செய்தித்தாளில் சுற்றி, சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாய். அந்த முறை மருந்து கேட்டது. அதனால்தான் வினை. பிறகு ஒவ்வொரு முறை வந்தபோதும் அதே டியூப். அது கேட்காதபோது மாத்திரை. அதுவும் கேட்காதபோது இன்னும் வீரியமான மாத்திரை. டாக்டரிடம் போகலாமா என்று அவள் கேட்டதற்கு, "இந்த ஊர்ல எந்த டாக்டர் எழுதினாலும் சீட்டு நம்ம கடைக்குத்தானே வரும்? நம்ம ஆளுங்களே படிப்பாங்க. நான் குடுக்கறதைத்தான் அவங்களும் குடுப்பாங்க" என்றாயாம். அவளுடைய மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருக்கிறாய். நீ கெட்டவனாக இருந்திருந்தால் அவள் உன்னை மீறி என்றைக்கோ ஒரு டாக்டரைப் பார்த்திருப்பாள். நல்லவனாக இருந்ததால் நம்பிவிட்டாள்.

அவள் தன்னைப் பற்றி என்ன நினைத்திருந்தாள் தெரியுமா? "நான் சுத்தமில்லையோன்னு தோணும் அத்தை. அதான் ரெண்டு வேளையும் மருந்து ஊத்தித் தேய்ச்சுக் கழுவுவேன். கழுவக் கழுவ இன்னும் எரியும். இன்னும் கழுவுவேன்." இப்படி வருஷக்கணக்காக.

நீ பக்கத்தில் வரும்போது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதாக என்னிடம் குறை சொன்னாய். வெடித்த தோலில் ஒருவர் கை வைக்க வந்தால் நீயும் திரும்பிக்கொள்வாய். அதில் பிடிப்பதும் பிடிக்காததும் எங்கே வந்தது?

இங்கே ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயதுதான், ஆனால் கையெழுத்து புரிகிறது. அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நடையில் இரும்பு நாற்காலிகள். உன் மனைவி நின்றுகொண்டே காத்திருந்தாள். உள்ளே போனதும் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்ட டாக்டர், "சரி, இதுவரைக்கும் யார் பாத்தாங்க?" என்றார். இவள், "யாரும் பாக்கலை டாக்டர். வீட்டுக்காரர் மருந்துக்கடை வச்சிருக்கார்" என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திரைக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "இது பூஞ்சை இல்லம்மா. முதல்ல இருந்திருக்கலாம். இப்போ இருக்கிறது தோல் வியாதி. தோல் வெளுத்து, மெலிஞ்சு, வெடிச்சிருக்கு. இல்லாத பூஞ்சைக்கு மருந்து போட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க." பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பினார். பூஞ்சை இல்லை என்று இப்போது முடிவும் வந்துவிட்டது. இது தொற்றாது. அழுக்கால் வருவதில்லை. யார் செய்த தப்பாலும் வருவதில்லை. ஆனால் முழுக்கப் போகாது, வாழ்நாள் பூராவும் கவனிக்க வேண்டும். இத்தனை காலத்தில் சில இடங்களில் தோல் ஒட்டி, சுருங்கிவிட்டதாம். ஒட்டியது தானாகப் பிரியாது, இனி ஒட்டாமல் காக்கலாம் என்றார். முன்பே யாராவது ஒரு முறை பார்த்திருந்தால் என்று தொடங்கி, உன் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

வேறொரு களிம்பு எழுதிக் கொடுத்து, எங்கே, எவ்வளவு தடவ வேண்டும் என்று ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தப் படத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது.

அப்போது நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். டாக்டர், "சாயங்காலமானா அரிப்பு அதிகமாகுமே?" என்று அவளிடம் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், "வெந்நீர் பட்டா இன்னும் அதிகமாகும்" என்று ஒரு குரல் சொன்னது. என் குரல்தான். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எத்தனை வருஷமா இருக்கும்மா?" என்றார். கைப்பையின் கொக்கியைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. டாக்டர் எழுந்துபோய்த் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் மனைவி என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவளிடம் கேட்டேன்: அவள் திரும்பிக்கொள்ளும்போது நீ என்ன சொல்வாய் என்று. சொல்ல மாட்டேன் என்றாள். நான் விடுகிற ஆளா? கடைசியில், "'நீயும் எங்கம்மா மாதிரியே கல்லு'ன்னு சொன்னார் அத்தை" என்றாள். சொல்லிவிட்டு, தானே திட்டிவிட்டது போல என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க அத்தை" என்றாள்.

நீ சொன்னது சரிதான். அவள் என்னைப் போலவேதான்.

உன் அப்பாவின் கட்டில் எதற்கு முன்னறைக்கு வந்தது என்று சின்ன வயதில் கேட்பாய். அப்பா குறட்டை விடுவார் என்று சொல்லியிருக்கிறேன். அவர் குறட்டை விட்டதே இல்லை. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயம், ஒரு நாள், "என்மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. அதற்கு மேல் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்கவில்லை. மறுநாள் கட்டிலை ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். நல்ல காற்று வருகிறது என்றார். அந்த ஜன்னலில் எந்தக் காலத்திலும் காற்று வந்ததில்லை, உனக்கே தெரியும். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. எத்தனை மரியாதையான தம்பதி என்று தெருவே சொல்லும். அவர் கடைசியாக இருமியதும் எனக்கு அடுத்த அறையிலிருந்துதான் கேட்டது.

நேற்று உன் சித்தப்பா வந்தார். "அண்ணி, உங்க பையன் கடைக்குப் பின்னாடி மடக்குக் கட்டில் போட்டுப் படுக்கறான். இன்னும் எத்தனை நாள் சாமியாரா இருப்பான்? வக்கீல்கிட்டப் பேசச் சொல்லிட்டான். நீங்க ஒரு வார்த்தை சரின்னா போதும்" என்றார். உன் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது மனிதர் பேசுகிற விஷயம் இல்லை என்றேன். "நான் மூணாவது மனுஷனா அண்ணி?" என்று முகத்தைத் தூக்கினார். "இதுல நானே ரெண்டாவது இல்லை. டீ ஆறுது, குடிங்க" என்றேன். குடிக்காமலே போய்விட்டார். அதனால்தான் இன்றைக்கே இதை எழுதி முடிக்கிறேன்.

நான் சரி சொல்லவில்லை. ஆனால் ஏற்றுக்கொள் என்று உனக்கு உத்தரவு போடவும் இல்லை. உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் பக்கத்தில் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றும் பொய் சொல்ல மாட்டேன். டாக்டரே அப்படிச் சொல்லவில்லை. நீ ஒரு தடவை இங்கே வா. அந்த இரும்பு நாற்காலியில் அவளோடு உட்கார். உனக்குத் தெரியாததை டாக்டரிடம் கேள். கேட்ட பிறகும் வக்கீல்தான் என்றால் அதை அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல். சித்தப்பா வேண்டாம், நானும் வேண்டாம்.

அவள் இப்போது கிருமிநாசினியை நிறுத்திவிட்டாள். வெறும் தண்ணீர்தான். எரிச்சல் குறைந்திருக்கிறது. முந்தாநாள் உட்கார்ந்து, பேசிக்கொண்டே, முழுச் சாப்பாடும் சாப்பிட்டாள். துண்டு இல்லாமல். சாதத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

என்னிடமிருந்தும் சின்னதாக ஒரு துண்டு தோலை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரொம்பக் காலம் கவனிக்காமல் விட்டால், வேறு ஏதாவதாக மாறியிருக்கிறதா என்று அப்படிப் பார்ப்பது வழக்கமாம். டாக்டர் அதைச் சொல்லும்போது மட்டும் என் கண்ணைப் பார்க்கவில்லை. முடிவு வந்ததும் நானே எழுதுகிறேன். இல்லையென்றால் உன் மனைவி சொல்வாள், அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதற்காக நீ ஓடி வர வேண்டாம். வந்தால் அவளுக்காக வா.

என் காலத்துக்குப் பிறகு இந்த வீட்டுச் சாமான்களில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். முன்னறைக் கட்டிலை மட்டும் உன் வீட்டுக்குக் கொண்டுபோகாதே. யாருக்காவது கொடுத்துவிடு.

தொடக்கத்தில் விட்ட வரியை இப்போது முடிந்த அளவு எழுதுகிறேன். இங்கே உன் மனைவி சற்று நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. கடையில் போட்டிருக்கிற அந்தக் கட்டிலை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பு. வந்ததும் அவளிடம் என்ன என்று கேள். முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள்.

உன் அப்பா ஒரு தடவைதான் கேட்டார். நீ மறுபடியும் கேள்.

என்றும் உன் நன்மையை வேண்டும்,
அம்மா