திருப்பி மாட்டிய படம்

லப்பைக்குடிக்காடு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஷைமாவுக்கு அத்தாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையில் இங்கே எல்லோரும் நலம், என் முட்டிவலியும் உட்பட. ஜெர்மனிக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், நான் சொல்ல வந்தது என்னிடமே தங்கிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

போன வாரம் நீ சொன்னது எனக்குப் புரிந்ததா என்று பார். பக்கத்து கேலக்ஸியில் பொடித்தூசி மிதக்கிறது. அங்கேயுள்ள காந்தத்துக்குக் கட்டுப்பட்டு அதெல்லாம் ஒரே மாதிரி நிற்கிறது, அது விடும் ஒளியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வருகிறது. அந்தச் சாய்வைக் கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு கோட்டையும் குறுக்கே திருப்பினால்தான் காந்தம் ஓடும் திசை கிடைக்கும். நீ திருப்ப மறந்துவிட்டாய். காந்தம் கேலக்ஸியின் சுருள் கைகளுக்குக் குறுக்கே ஓடுகிறது, யாரும் பார்க்காத அதிசயம் என்று மூன்று மாதம் குதித்தாய். பிறகு நீயே தப்பைக் கண்டுபிடித்து, நீயே பேராசிரியரிடம் போய்ச் சொல்லி, பேச இருந்த கூட்டத்திலிருந்தும் பெயரை எடுத்துவிட்டாய். இனி இந்த வேலையே வேண்டாம், ஊருக்கு வந்துவிடுகிறேன் என்கிறாய். வராதே என்று எந்த அத்தாவும் சொல்லமாட்டான். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன் மீதியையும் படி.

நீ போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை நினைத்துத்தான் என்று உன் அம்மா நினைத்தாள், பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் கடையில் நடந்த ஒரு தப்பு. ஜெயங்கொண்டத்து சாமிதுரை அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். நம் பெரம்பலூர் கடையில் கண் கூசாத போலராய்டு கண்ணாடி வாங்கினார். லென்ஸை வெட்டி மாட்டியது நான். இரண்டு தடவை வந்து, கண்ணாடி போட்டும் ரோடு பளபளன்னு கண்ணுல அடிக்குது பாய் என்றார். இருபத்தாறு வருஷக் கடைக்காரனிடமா என்ற திமிரில், பழகிடும் போங்க என்று அனுப்பிவிட்டேன். திருப்ப மறந்துட்டேன் அத்தா என்று நீ அழுதபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ரோட்டில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வரும், அதைத் தடுப்பதுதானே அந்த லென்ஸின் வேலை. நான் அதைக் குறுக்கே மாட்டித் தொலைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஜெயங்கொண்டத்துக்கு பஸ் ஏறினேன். லென்ஸ் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று வழியெல்லாம் ஒரு பொய்யை மெருகேற்றிக்கொண்டே போனேன். அவரை நேரில் பார்த்ததும் உன் ஞாபகம் வந்து, வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. அதான பாத்தேன், கண்ணு போச்சுன்னு வண்டியவே வுட்டுடலாம்னு இருந்தேன் பாய் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி இருசம்மாள்தான் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். திட்டி முடித்துவிட்டு ஒரு பை முந்திரியும் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது ஷைமா. ஐம்பத்தெட்டு வயதில் பெற்ற மகளுக்குப் பயந்து உண்மை பேசியிருக்கிறேன். புது லென்ஸை நேராக மாட்டிக் கொடுத்தேன், சாமிதுரை மறுநாளே வண்டியை எடுத்துவிட்டார்.

இன்னொரு கூத்தையும் கேள். கோடுகளைத் திருப்ப மறந்து நீ முன்பு அனுப்பிய கேலக்ஸிப் படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன் அல்லவா, கோடுகள்தானே திரும்ப வேண்டும் என்று சட்டத்தோடு குறுக்கே திருப்பி மாட்டினேன். உன் அம்மா பார்த்துவிட்டு, கோடு திரும்புச்சு சரி, கேலக்ஸியும்ல சேந்து திரும்பிப்போச்சு என்று வந்தவர்கள் முன்னாலேயே சிரித்தாள். படத்தின் அடியில் இருந்த உன் பெயரும் செங்குத்தாக நிற்கிறது. கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எல்லாம் கழுத்தைச் சாய்த்துப் படிக்கிறார்கள். நான் அதைக் கழற்றப் போவதில்லை.

முந்திரியில் பாதி பார்சலில் வருகிறது, உன் பேராசிரியருக்கும் கொடு. அல்லாஹ் உனக்குத் தெளிவையும் தைரியத்தையும் தருவானாக. மறந்துவிடாதே, சட்டத்தின் அளவு பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம். சரியான படத்தை நீ அந்த அளவில் அனுப்பும் வரை பெரம்பலூர் கழுத்து வலியோடுதான் இருக்கும்.

உன் அத்தா,
நஜீமுதீன்