கடல் கொண்டுபோன கட்டுச்சோறு

ஜனவரி 8, 1978. ஞாயிறு

என் எழுத்தை நானே இரண்டு தடவை பார்த்தால்தான் படிக்க முடிகிறது. நோட்டே, நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது வருடம் மேழியைப் பிடித்த கை. பேனாவையும் அதே பிடி பிடிக்கிறது. ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. ஒரு ‘ண’ எழுதி முடிப்பதற்குள் வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்துவிடலாம்.

என் பெயர் மாரப்பன். ஊர் எருத்தேன்பதி. வயது அறுபத்தேழு. மூன்றையும் யாரையும் கேட்காமல் எழுதிவிட்டேன்!

வாசகசாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தும் கமலாத்தாள் டீச்சர்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். “தெனமும் நாலு வரி எழுதுங்க. மாடு கன்னு போட்டாலும் எழுதுங்க” என்றார். மாடு கன்று போடவில்லை. வேறு செய்தி இருக்கிறது. கை வலிக்கிறது. நாளைக்கு.

ஜனவரி 9. திங்கள்

செய்தி இதுதான். வாசகசாலைப் பேப்பரில் ஒரு பத்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் நானே படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. கடற்கரைக்குப் போகிறவர்கள் எங்கே சாப்பிடலாம், எங்கே காப்பி குடிக்கலாம், எங்கே மேடேறி நடக்கலாம் என்று போட்டிருந்தது. வர்க்கலை என்ற ஊரில் கடலை ஒட்டிச் செம்மண் மேடு சுவர் மாதிரி நிற்கிறதாம். அதன்மேல் நடந்து போகலாமாம். “அங்கே உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி இருவரும் காப்பி குடிக்கலாம்” என்று ஒரு வரி. அந்த ‘இருவரும்’ என்பதை நாலு தடவை படித்தேன்.

எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் சாப்பிடுவார்கள். அதுவும் அடுக்களைக்குள். கடையில் சாப்பிடுவது அவர்களுக்கு வழக்கமே இல்லை. பூவாத்தாளைக் கட்டி நாற்பத்து மூன்று வருடம் ஆகிறது. அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. இப்போது எழுதும்போதுதான் அது எவ்வளவு விசித்திரம் என்று தோன்றுகிறது.

ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளோடு உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும். இந்த வயதில் இப்படி ஓர் ஆசை வரலாமா? வந்துவிட்டது.

சொன்னேன். “கடலுக்குப் போலாமுங்க, சாமியும் கும்புட்டுட்டு வரலாம். கடையில உக்காந்து திங்கறதெல்லாம் உங்களோட இருக்கட்டுமுங்க” என்றாள். பாதி சம்மதம்.

ஜனவரி 16. திங்கள்

பொங்கல் முடிந்தது. பூவாத்தாளும் மருமகள் ராசம்மாளும் சேர்ந்து புளிச்சோறு கிளறுகிறார்கள். மூன்று நாளைக்கு வேண்டுமாம். வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் வேறு. பித்தளைத் தூக்குப்போசி நிறைய. என் காப்பி ஆசை அந்தப் போசிக்குள் போய்விட்டது.

ஜனவரி 18. புதன்

வர்க்கலை சத்திரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒலவக்கோட்டில் ரயில் ஏறினோம். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் படித்து அவளிடம் சொல்லலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எல்லாம் மலையாளம். அப்புறம் இந்தி, இங்கிலீசு. ஐந்து மாதம் படித்தும் மறுபடி எழுத்துத் தெரியாதவன் ஆகிவிட்டேன். “இது என்ன ஊருங்க?” என்று அவள் கேட்க, “பெரிய ஊர்” என்றேன். அடுத்ததற்கு, “சின்ன ஊர்.” எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார்.

சத்திரத்தில் எனக்குப் புளிச்சோறு போட்டாள். நான் கை கழுவியதும் தன் பங்கை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். ஊர் மாறினாலும் கதவு இருக்கிறதே.

ஜனவரி 19. வியாழன்

கடலைப் பார்த்தேன்.

எப்படி எழுதுவது? எனக்குத் தெரிந்த எழுத்து போதவில்லை. பூவாத்தாள் பார்த்துவிட்டு, “இத்தனையும் தண்ணியா! நம்ம காட்டுக்குக் கொஞ்சம் வந்தா ஆகாதா?” என்றாள். உப்பு என்றேன். வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

பிறகு நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். மேட்டில் ஏற வேண்டும், போசியோ கனம். ஊரில் கோரையாற்றுப் பக்கம் வேலைக்குப் போனால், தண்ணீர் ஓரமாக ஈர மணலைத் தோண்டிச் சோற்றுப் போசியைப் புதைத்து வைப்போம். பொழுது சாய்ந்தாலும் சில்லென்று இருக்கும். அதே யோசனைதான். அலை வந்து தொடுகிற இடத்துக்கு நாலு அடி தள்ளி நானே குழி தோண்டி, போசியை இறக்கி, மேலே ஒரு கல்லையும் வைத்தேன். “நல்ல யோசனைங்க” என்று அவள்கூடச் சொன்னாள்.

மேடேறி நடந்தோம். தென்னை மரம், காற்று, கீழே கடல். பாறையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் வருகிறது. கடல் பக்கத்தில் இருந்தும் இளநீர் மாதிரி இருக்கிறது! வெயில் ஏறுகிற வரைக்கும் நடந்துவிட்டு இறங்கி வந்தால், கல்லைக் காணோம். குழியைக் காணோம். நாங்கள் நின்ற மணலே இல்லை. அந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

ஆற்றுக்கு ஒரு கரை உண்டு, அது இருந்த இடத்தில் இருக்கும். கடலும் அப்படி என்று நினைத்தேன். நான் வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் துழாவுவதைப் பார்த்து வலை உலர்த்திக்கொண்டிருந்தவர், “அம்மாவா, வேலியேற்றமாணு!” என்று என்னை மாமா முறை வைத்து மலையாளத்தில் கத்தினார். கடல் தினமும் ஏறும், இறங்கும் என்று கையால் காட்டினார். அதுவும் இரண்டு தடவையாம். அந்தப் பேப்பர்காரர் இதை அல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்?

“எங்கம்மா குடுத்த போசி” என்றாள் பூவாத்தாள். ஒரே தடவைதான் சொன்னாள்.

கடையில் சாப்பிடலாம் வா என்றேன். “ஆரு ஆக்குனதோ, எந்தக் கையோ, எனக்கு வேண்டாமுங்க. ஊட்டுக்குப் போயிச் சாப்புட்டுக்கறேன்.” வீட்டுக்குப் போவது சனிக்கிழமை! ஒரு வாழைப்பழம், ஓர் இளநீர், அவ்வளவுதான். அப்படியானால் நானும் பட்டினி என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்றை எழுத வேண்டும், வெட்கமாக இருக்கிறது. சாயங்காலம் அவள் குளிக்கப் போனாள். நான் மேட்டுக்குப் போனேன். ஓலைக் கொட்டகையில் ஒரு கடை. பலகையில் சுண்ணாம்பால் தமிழில் ‘ஆப்பம், காப்பி’ என்று எழுதியிருந்தது. இந்த ஊரில் நான் படித்த முதல் எழுத்து. எப்படித் தாண்டிப் போவது? இரண்டு ஆப்பம் சாப்பிட்டேன்.

ஜனவரி 20. வெள்ளி

மெதுவாக எழுதுகிறேன்.

காலையில் சாமி கும்பிட்டுவிட்டு மறுபடி மேடேறினோம். வேண்டாம், உடம்பு தாங்காது என்றேன். கேட்கவில்லை. எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினாள். மேலே போனதும் அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். “கண்ணு இருட்டுதுங்க.” முகமெல்லாம் வேர்வை. கை சில்லென்று இருந்தது.

ஐயோ, நான் என்ன பண்ணிப்போட்டேன்! ஒரு காப்பிக்காக இவளை எங்கேயோ கொண்டுவந்து - திரும்பி எப்படிக் கூட்டிப் போவேன்? இனிமேல் என்னோடு எங்காவது வருவாளா? ஒன்றும் ஓடவில்லை.

கொட்டகையிலிருந்து அந்தக் கடைக்கார அம்மா ஓடி வந்தாள். பெயர் இன்பமேரி. புருஷன் சூசையப்பன் காப்பி போடுகிறார், இவள் ஆப்பம் சுடுகிறாள். இரண்டு பேரும் வண்டிப்பெரியாரில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து பூவாத்தாளைப் பெஞ்சில் உட்கார வைத்தோம். சர்க்கரைத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனால் இவள் தலையைத் திருப்பிக்கொள்கிறாள்.

“யக்கா, ஏன் இப்படிப் பட்டினி கெடக்கிய? அண்ணாச்சியப் பாருங்க, நேத்து வந்து நாலு ஆப்பம் சாப்புட்டுட்டுப் போனாவ!”

பூவாத்தாள் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது.

“நாலா?”

(நேற்று இரண்டு என்று எழுதியது பொய். நாலுதான். நோட்டிலாவது உண்மையை எழுதியிருக்கலாம்.)

“நானும் பட்டினின்னு சொல்லிப்போட்டு, சத்திரத்துல வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே! அது பசியில்லீங்களா?”

“இல்லை. கொஞ்சம் அதிகமாகிவிட்டது.”

அவள் என்னைப் பார்த்தாள். இன்பமேரியைப் பார்த்தாள். சர்க்கரைத் தண்ணீரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள்.

“அம்மிணி, எனக்கு அஞ்சு வையுங்க.”

சூசையப்பன் காப்பி ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஆப்பம் வந்தது, தேங்காய்ப்பால் வந்தது. அவள் தொடவில்லை. “இது ஆரு ஆக்குனதுங்க?”

“நாந்தான் யக்கா. முப்பது வருசம் கொழுந்து கிள்ளுன கை. சர்ச்சுக்குப் போற வேதக்காரக் கை. சாப்புடுவியளா?”

இன்பமேரி கையை அப்படியே நீட்டிக் காட்டினாள். விரலெல்லாம் கறுப்புக் கோடு கோடாக வெடிப்பு. பூவாத்தாள் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், “ஏனுங்க, அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க” என்றாள்.

நான் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் ஓலைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒரே பெஞ்சு, முதுகோடு முதுகு. “என்ன கூத்து இது! ரயிலு சீட்டு மாதிரியில்லா இருக்கிய!” என்று இன்பமேரி சிரிக்கிறாள். எனக்குப் பின்னால் பூவாத்தாள் தேங்காய்ப்பாலை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. திரும்பவில்லை.

சாப்பிட்டு முடித்து இன்பமேரியிடம் சொன்னாள். “உப்புத்தான் கொஞ்சம் தூக்கல். மத்தபடி நல்ல கைதான், அம்மிணி.”

ஜனவரி 21. சனி

ரயிலுக்கு முன்னால் காப்பி குடிக்க மேட்டுக்குப் போனோம். அவள்தான் கூப்பிட்டாள்!

இன்றைக்கு முழுசாகவும் திரும்பவில்லை, முதுகையும் காட்டவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, கடலை ஒரு கண்ணாலும் டம்ளரை ஒரு கண்ணாலும் பார்த்துக் குடித்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் முன்னால் மூன்று தடவை ஊதுகிறாள். நானும் மூன்று தடவை ஊதினேன். என் காப்பி ஆறிப்போய்விட்டது. அப்படி ஒரு காப்பி நான் குடித்ததே இல்லை.

கிளம்பும்போது தூக்குப்போசி போன இடத்தைக் கடைசியாகப் பார்த்தாள். “இன்னைக்கு மீனுக்கெல்லாம் கச்சாயமுங்க” என்றாள்.

ஜனவரி 29. ஞாயிறு

ஒரு வாரமாக எழுதவில்லை. நிலக்கடலை பறிப்பு. அது மட்டும் காரணமில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. எனக்குச் சோறு போட்டாள், உள்ளே போனாள். கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கடலில் நடந்தது கடலோடு என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் வெளியே பார்த்தபடி உட்கார்ந்தாள். “உள்ளார புழுக்கமுங்க” என்றாள். தை மாதக் குளிர்.

இன்றைக்கு மத்தியானம் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நேராக. நான் குனிந்தே சாப்பிட்டேன், பயந்துவிடப் போகிறாளே என்று. அப்புறம் மெதுவாகப் பார்த்தேன். முதலில் கீரையைத் தனியாகச் சாப்பிட்டு முடிக்கிறாள். ரசத்துச் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கிறாள். மாங்காய் ஊறுகாயைக் கடைசி வரைக்கும் தொடாமல் வைத்திருந்து, எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போடுகிறாள். நாற்பத்து மூன்று வருடம் இது எனக்குத் தெரியாது.

“என்னங்க பாக்கறீங்க? சோத்தப் பாத்துச் சாப்புடுங்க.”

ராசம்மாள் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பூவாத்தாள் ஊறுகாய் வாயோடு, “என்ன நிக்கறே? உன் தட்டையும் எடுத்துட்டு வா” என்றாள். ராசம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் மலம்புழை அணைக்குப் போகிறோம். சோறு கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அங்கே காப்பி எப்படி, எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று வந்ததும் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். உப்புத் தூக்கலா என்பதையும் சேர்த்து.