முகட்டின் அந்தப் பக்கம்

ஆல்ப்ஸ் வடசரிவு, மரவெட்டிகள் குடில்
அக்டோபர் 1953

அன்புள்ள ஹெட்விக்,

உன் இடுப்புவலி தேவலையா? எனக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். மேகமெல்லாம் முகட்டில் முட்டி எங்கள் பக்கமே கொட்டுகிறது. பதினோரு நாளாக ஈரத்துணியோடு வேலை.

செவ்வாயன்று ஒரு கூத்து. முகடு வரைக்கும் காடுதானே, மூடுபனியில் எந்தப் பக்கம் எது என்று தெரியவில்லை. குடிலுக்குப் போகும் ஓடை என்று நினைத்து ஒன்றைப் பிடித்து இறங்கினேன். மூடுபனி விலகினால், முகட்டைத் தாண்டி உன் பக்கம் வந்திருக்கிறேன்: கீழே நல்ல வெயில், நம் வீட்டுக் கூரை. நீ என் நீலக் கம்பளிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு விறகு பிளந்துகொண்டிருந்தாய்.

கூப்பிடவில்லை. வீடு வரை இறங்கியிருந்தால் திரும்ப ஏறியிருக்க மாட்டேன். பனி கொட்டுவதற்குள் மரங்களை இறக்கியாக வேண்டும். திரும்பி ஏறிக் குடிலுக்கு வந்தால், எனக்காகக் கொம்பு ஊதித் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி ஓத்மார் சிரித்தார். "என்னய்யா, ஓடை உன்னைப் பொண்டாட்டிகிட்ட இழுத்துட்டுப் போயிடுச்சா?"

"இல்லண்ணே, பாதியிலேயே விட்டுடுச்சு" என்றேன்.

காலுறை இரண்டு ஜோடி அனுப்பு, அலமாரியில் இருக்கும் திசைகாட்டியும். கம்பளிச் சட்டையும் ஒன்று வேண்டும். லாரி உறுமுகிறது, கடிதத்தை அதில் கொடுத்துவிடுகிறேன்.

நீலச் சட்டையை மட்டும் அனுப்பாதே. அது உன் மேலேயே இருக்கட்டும்.

லியோன்ஹார்ட்