சூடம் அணைக்காதவனுக்கு

கையில் பிளீச்சிங் பவுடர் வாசனை. இரண்டு தரம் சோப்புப் போட்டும் போகவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கென்று பஞ்சாயத்துக்கு வந்த மூட்டையைத் தூக்கிவந்து கபடிக் கோடு போடும் பழக்கம் நம்ம ஊரில் இன்னும் மாறவில்லை மாப்ள. உன் நினைவாக நடந்த ஆட்டம் என்பதால் இன்றைக்கு என்னைப் போடச் சொன்னார்கள். கோணலாகத்தான் வந்தது. நீ இருந்திருந்தால், "பாம்பு போன தடமாடா இது?" என்று சிரித்திருப்பாய்.

மைதானத்து வாசலில் உனக்கு ஃபிளெக்ஸ். லைசென்ஸ் போட்டோவைப் பெரிதாக்கி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டு, கீழே 'தீர்ப்புத் தவறாத நடுவர்' என்று அடித்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு வருடத்துக்கு முன் உன்னைப் பொய்யன் என்று சொல்லி விசிலைப் பிடுங்கியவர்கள் இவர்கள்தான். மூன்று நாள் காய்ச்சலில் நீ போனதும் தப்பே செய்யாதவனாகிவிட்டாய். இவர்களுக்கு ஒருத்தன் பொய்யனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாமியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு மனுசன் நிற்க இடமே கிடையாது.

நீயோ அந்த இடத்தில்தான் நின்றாய். போர்வெல் வண்டியில் வேலை பார்த்துக்கொண்டு, "நூறு பர்சன்ட் தண்ணி வருமா தம்பி?" என்று கேட்கிற சம்சாரியிடம், "வரலாம்ங்க, வராமலும் போகலாம்ங்க" என்று சொன்ன ஒரே ஆள் நீதான். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து நீரோட்டம் பார்த்தவர் இருநூறு அடியில் ஆறே ஓடுகிறது என்று சொல்லியிருப்பார். உன் முதலாளி உன்னை வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்தார்.

"வரும்னு சொல்லித் தொலையேண்டா. அவரு என்ன பூமிக்குள்ள போயா பாக்கப் போறாரு?"

"நானும் போயிப் பாக்கலையேண்ணே."

தேர்தல் வந்தால் இன்னும் மோசம். டீக்கடையில் நின்று, "ரோடு போட்டது நல்லதுங்க, கம்மாய்க்குள்ள போட்டதுதான் தப்பு" என்று ஒரே மூச்சில் இரண்டு கட்சிக்காரர்களிடமும் திட்டு வாங்குவாய். "அங்கிட்டா இங்கிட்டா, எந்தப் பக்கம்டா நீயி?" என்றால், "வடைச் சட்டிப் பக்கம்ண்ணே" என்பாய்.

நான் உனக்கு நேர் எதிர். புதுக்கோட்டையில் காலேஜை விட்டு நான் வெளியே வந்தது உனக்குத் தெரியும். "சிலபஸ்ல இல்லாதத எங்கிட்டக் கேக்காத, வெளிய போ" என்றார் ஒரு சார். போனேன், திரும்பவில்லை. "அவரு தப்பு, நான் சரி, முடிஞ்சுச்சு" என்று உன்னிடம் வந்து கத்தினேன். "அவரு பேசுனது தப்புதான். ஒனக்கு மூணு அரியர் இருந்துச்சே, அது?" என்றாய். ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

அந்த இறுதி ஆட்டம். பக்கத்து ஊரோடு, நம்ம மைதானத்தில், நீ நடுவர். கடைசி ரைடு நான். ஒருத்தனைத் தொட்டுவிட்டு, மூலையில் மடக்க வந்த மூன்று பேரிடமிருந்து வளைந்து தப்பி, நடுக்கோட்டில் விழுந்தேன். ஊரே கத்தியது. நீ விசில் அடித்து, "அவுட்டு. குதிகால் எல்லைக்கு வெளிய போச்சு" என்றாய். அதற்குள் கோடு பாதி அழிந்து பவுடரும் மண்ணும் ஒன்றாகக் கிடந்தது.

கமிட்டித் தலைவர், "சூடத்தக் கொண்டாங்கடா" என்றார். எந்த வழக்கு தீராவிட்டாலும் ஐயனார் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. பக்கத்து ஊர்க்காரர்களும் சரி என்றார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. அணைத்தேன். "என் கால் வெளிய போகல. இது சத்தியம்." பொய் சொல்லவில்லை மாப்ள. என் கால் எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

உன் முறை வந்தது. "நான் பாத்தது இது. வெளிய போனதாத்தான் தெரிஞ்சுச்சு. ஆனா சத்தியம் பண்ற அளவுக்குத் தெரியாதுங்க" என்றாய்.

"அப்பப் பொய் சொன்னியா?"

"இல்லைங்க."

"அப்ப அணை."

"மாட்டேங்க."

தலைவர் உன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். கோப்பை நமக்கு வந்தது.

ஒரு மாதம் கழித்து, பக்கத்து ஊர் ரைடர் ஒருத்தன் போனில் வீடியோ அனுப்பினான். என் குதிகாலுக்குப் பக்கத்தில், எல்லைக்கு வெளியே, மண் பறக்கிறது. அறந்தாங்கி ரோட்டில் வண்டி கழுவிக்கொண்டிருந்த உன்னிடம் ஓடிவந்து காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி நாலு தரம் பார்த்தாய்.

"குதிகாலா தூசியான்னு சரியாத் தெரியலையேடா."

"டேய், நீதான்டா ஜெயிச்ச! ஒத்துக்கடா!"

"ஜெயிக்கிறதுக்காகத் தெரிஞ்ச மாதிரி சொல்லவா?"

"ஊர்ல சொல்லிரட்டுமா?"

"அது ஒன் இஷ்டம் மாப்ள."

சொல்லவில்லை. சூடம் அணைத்துப் பொய் சொன்னவன் என்ற பேர் நம்ம ஊரில் செத்தாலும் போகாது. பயந்தேன். நீ மூன்று வருடம் கயிற்றுக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்தாய். நான் உள்ளே ஆடினேன்.

முட்டி போன பிறகு இந்த வருடம் என்னை நடுவராக்கினார்கள். இன்றைக்குச் சாயங்காலம் நம்ம ஊர் ரைடர் ஒருத்தன், அதே மூலையில், காலை வெளியே வைத்ததைப் பார்த்தேன். அவுட் கொடுத்தேன். தகராறு. தலைவர் தட்டில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு உன் ஃபிளெக்ஸுக்குக் கீழே வந்து நின்றார்.

"ஒன் கூட்டாளி பேரு கெட்டுறக் கூடாது. அணைச்சுட்டுச் சொல்லு."

அந்த வார்த்தையில்தான் எனக்கு ஏறியது. மைக்கைப் பிடுங்கினேன்.

"நாலு வருசத்துக்கு முன்ன தெரியாததத் தெரியும்னு அணைச்சவன் நான். வீடியோவப் பாத்த பெறகும் வாயத் தொறக்கல. தெரியாததத் தெரியாதுன்னு சொன்னவன் விசிலத்தான் நீங்க புடுங்குனீங்க. இப்பத் தீர்ப்புத் தவறாதவன்னு போட்டுருக்கீங்களே, அதுவும் பொய்யி. எத்தனையோ தரம் தப்பாச் சொல்லியிருக்கான். 'தப்பாப் பாத்துட்டேன்'னு அவனே வந்து சொல்லுவான். அது இங்க எவனுக்கு முடியும்?"

"சூடத்துல பொய்யாடா? நீயெல்லாம் வெளங்குவியா?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"அப்ப இந்தத் தீர்ப்பு மட்டும் எப்புடிச் செல்லும்?" என்றார் தலைவர்.

"இன்னைக்கு நடுவர் நான். நான் பாத்தது இது. அவுட்டு. சத்தியம் கெடையாது. வேணும்னா விசிலக் கழட்டிக்கங்க."

விசிலைக் கழற்ற யாரும் வரவில்லை. தட்டில் சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. பரிசு கொடுக்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உன் அம்மா, "அதான் எரிஞ்சு முடிஞ்சிருச்சுல்ல, வெளாடுங்கப்பா" என்றது. விளையாடினார்கள். நம்ம ஊர் தோற்றது. அடுத்த வருடம் வேறு நடுவராம். இருக்கட்டும். வரும் வழியில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பட்டும்.

யார் என்ன சொன்னாலும் சரிதான் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. கோடு அழியும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பவுடர் போட்டவன் நீ. கோடு இருக்கு, என் கண்ணுலயும் தூசி இருக்கலாம், அவ்வளவுதான் உன் நியாயம். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'ஒன் இஷ்டம்' என்று என்னை விட்டாயே, அது தப்பு. சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். நூறு பர்சன்ட் சொல்கிறேன். சரி, தொண்ணூறு.

என் குதிகால் வெளியே போனதா என்று எனக்கு இன்னும் தெரியாது. உன் விசில் போனது என்னால் என்று தெரியும். இதை எவன் கேட்டாலும் சொல்லுவேன், கற்பூரத்தட்டு இல்லாமலே.

நான் பார்த்தது இது, மாப்ள.