ஏரிக்கரையில் உன் முகம்

அன்பு மகளுக்கு,

நலம்தான். தையல் கடையை மூடிய பிறகு பொழுது போகாமல், பக்கத்துத் தெரு ஓவிய ஆசிரியையிடம் எண்ணெய் வண்ணம் தீட்டக் கற்றுக்கொள்கிறேன்.

முதல் ஓவியத்துக்கு நம் ஏரிப் புகைப்படத்தைத்தான் எடுத்துப் போனேன். சின்ன வயதில் உன்னைப் பள்ளி விடுதியில் சேர்க்கப் போன வழியில் நான் எடுத்தது. போன வருடச் சண்டையில், "ஹாஸ்டலுக்கு நான் சந்தோஷமா போனேன்னு யாருப்பா சொன்னது?" என்று கேட்டாய். இதே படத்தை உன் முன்னால் வீசி, "பாரு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற!" என்று கத்தினேன். அன்று வாசலைத் தாண்டியவள்தான் நீ, இன்னும் திரும்பி வரவில்லை.

மலை எளிதாக வந்துவிட்டது. தண்ணீருக்கு நீலத்தை அள்ளி அப்பித் திட்டு வாங்கினேன். "நினைப்புல இருக்கறதைப் போடாதீங்க ஐயா, படத்துல இருக்கறதைப் பாருங்க" என்றார் ஆசிரியை.

கரையில் நிற்கும் உன்னை வரைய, நேற்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முகம் சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை.

நீ சிரிக்கவில்லை அம்மா. பல்லைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறாய். நான் தைத்துக் கொடுத்த கவுனின் ஓரத்தை இரண்டு கையாலும் கசக்கிப் பிடித்திருக்கிறாய். "சிரி" என்று நான்தான் அதட்டியிருப்பேன்.

சிரித்த முகமாகவே வரைந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. வரையவில்லை. உள்ளபடியே வரைந்தேன். மூன்று முறை துடைக்க வேண்டியிருந்தது.

நீ சொன்னதுதான் நிஜம். அதைச் சொல்லத்தான் எழுதினேன். ஓவியத்தைப் பார்க்க நீ வந்தே ஆக வேண்டும் என்றில்லை. வந்தால் அந்த நாளைப் பற்றி முழுதாகச் சொல். குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா