ஓடத் தெரியாத கென்யாக்காரி

14 ஜனவரி 2023, சனி. லோவெல், அமெரிக்கா.

முதியோர் இல்லத்தில் காலை வேலை முடிந்தது. உருளைக்கிழங்கு வாங்கப் போனவள், கடைக்குப் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டேன். ரொம்ப நாளாகவே உள்ளே போகலாமா வேண்டாமா என்று அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்று குளிர் பிடித்துத் தள்ளிவிட்டது.

மேசைக்குப் பின்னால் சார்ஜென்ட் டெல்கடோ. பல் எல்லாம் தெரியச் சிரிக்கிற மனிதர். எந்த ஊர் என்றார். கென்யா என்றேன். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"கென்யாவா? அப்ப ஓட்டப் பரீட்சையப் பத்தி நாம பேசவே வேணாம்."

நானும் பேசவில்லை. நான் கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்தில், ஒரு வாத்து துரத்தியபோது. அந்த வாத்துதான் ஜெயித்தது. பதக்கம் வாங்குகிற ஓட்டக்காரர்கள் எல்லாம் மலைப்பக்கத்து ஆட்கள். நாங்கள் ஏரிக்கரைக்காரர்கள். மீனைத் தின்றுவிட்டு மர நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற கூட்டம். இதையெல்லாம் அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன். கிரீன் கார்டு வைத்திருப்பவள் சேர்ந்தால் குடியுரிமை எப்போது வரும்? முதல் பயிற்சி முடிகிறபோதே வர வாய்ப்பிருக்கிறது என்றார். வந்தால் கணவனைக் கூப்பிட்டுக்கொள்வது? இப்போது அவர் நிற்கிற வருடக்கணக்கான வரிசை இருக்காது, குடிமகளின் கணவனுக்குத் தனி வழி என்றார்.

ஒச்சோலாவுக்குத் தனி வழி. ஒச்சோலா, தனி வழி. பேருந்தில் இதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். உருளைக்கிழங்கு வாங்கவில்லை.

15 ஜனவரி

அவனிடம் சொல்லிவிட்டேன்.

கிசுமுவில் அவனுக்கு அது சாயங்காலம். வேனை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அதன் படியில் உட்கார்ந்திருந்தான். கொண்டெலே வரைக்கும் சில்லறைக்கு ஆள் ஏற்றிப் போகிற மட்டாட்டு வேன். அண்ணன் கல்யாணத்துக்கு இங்கிருந்து ஊருக்குப் போனபோது அதே வேனில்தான் அவனைப் பார்த்தேன். அப்போது அவன் அதில் கண்டக்டர், மீதிச் சில்லறை தராமல் பேசிக்கொண்டே வந்தான். ஒரே மாதத்தில் கல்யாணம். கிரீன் கார்டு குலுக்கலில் எனக்கு விழுந்தது அதற்கு முன்பே. கல்யாணத்துக்குப் பிறகு விழுந்திருந்தால் இருவரும் சேர்ந்தே வந்திருப்போம். குலுக்கலுக்கு என் கல்யாணத் தேதி தெரியுமா என்ன.

"ஏன்டி, ஊர்ல நான் வேன் ஓட்டுறேன், அங்க நீ டாங்கி ஓட்டப் போறியா?"

"டாங்கியோ என்னவோ. நீ வரணுமா வேணாமா?"

"வரணும்" என்றான், சின்னக் குரலில்.

அதற்குள் அத்தை போனைப் பிடுங்கினார். "பொம்பள துப்பாக்கி தூக்குவாளாம், ஆம்பள வீட்டுல உக்காந்து போன் பேசுவானாம். ஊரு என்னம்மா சொல்லும்?"

"புருஷன் அழகன், அவனக் காக்கத்தான் அவ தூக்குறான்னு சொல்லும், அத்தை."

பின்னால் அவன் சிரிக்கிறது கேட்டது.

17 ஜனவரி

அவூர் அக்கா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பெரியம்மா மகள். நர்ஸ். இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே சொந்தம், நான் தங்கியிருப்பது அவள் வீட்டில். இன்று தட்டை வைத்த வேகத்தில் குழம்பு என் சட்டையில் தெறித்தது.

"குடியுரிமை குடுப்பாங்க, சரி. பெட்டிக்கு மேல போர்த்துற கொடியையும் அவங்கதான் குடுப்பாங்க. அது தெரியுமா உனக்கு?"

தெரியும் அக்கா. தெரியாமல் இல்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது, அதையும் சொல்லவில்லை.

5 மார்ச்

எழுத்துப் பரீட்சை தேறிவிட்டேன். மருத்துவப் பரிசோதனையில் குந்தியபடி வாத்து நடை நடக்கச் சொன்னார்கள். என் எதிரியை நினைத்துக்கொண்டு நடந்தேன். பிரமாதம் என்றார் டாக்டர்.

என்ன வேலை வேண்டும் என்று ஒரு பட்டியலை நீட்டினார்கள். லாரி ஓட்டுநர் என்று இருந்த இடத்தில் விரலை வைத்தேன். இதை ஒச்சோலாவிடம் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

6 மார்ச்

பார்த்தேன். "பத்துச் சக்கரமா?" என்று கேட்டுவிட்டு அப்படியே வாயைத் திறந்து வைத்திருந்தான். "என்னோடது நாலுதான்டி." ஏதோ அவன் மீசையைப் பாதி எடுத்துவிட்ட மாதிரி.

2 ஏப்ரல்

ஆற்றங்கரையில் ஓடிப் பழகுகிறேன். ஒரு பாட்டையா நாயோடு நடந்து என்னைத் தாண்டிப் போனார். நடந்து.

12 ஜூன். தென் கரோலினா, முகாம்.

வந்து சேர்ந்தேன். புறப்படும்போது அவூர் அக்கா என் பைக்குள் வறுத்த வேர்க்கடலையைத் திணித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். முகாமில் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். பேருந்தை விட்டு இறங்கியதிலிருந்து எல்லோரும் கத்துகிறார்கள். எதற்கென்று புரியவில்லை. நானும் கத்துகிறேன். தொண்டை போய்விட்டது. சந்தோஷமாக இருக்கிறது - எனக்குப் பைத்தியமா?

15 ஜூன்

எங்களுக்குப் பயிற்சி தருபவர் டிரில் சார்ஜென்ட் பிக்கெட். என் தோள் உயரம்தான் இருப்பார். குரல் மட்டும் கூரையைத் தொடும். இன்று முதல் ஓட்டம்.

"கென்யா எங்க? முன்னால வா. எல்லாரும் இவ பின்னால ஓடுங்க. இவளப் பிடிக்க முடியலேன்னு யாரும் அழக் கூடாது."

முன்னால் நின்றேன். ஓடினேன். மரம் ஒன்று வந்தது. அந்த மரத்தை நான் எட்டுவதற்குள் மொத்தப் படையும் என்னைத் தாண்டிப் போயிருந்தது.

கடைசியாக வந்து நின்றபோது பிக்கெட் என் முகத்துக்கு நேரே அண்ணாந்து பார்த்தார். "நிஜமாவே கென்யாதானா நீ?"

"ஆமா, டிரில் சார்ஜென்ட். ஏரிப்பக்கம், டிரில் சார்ஜென்ட்."

அவர் உதடு துடித்தது. சிரிப்பை விழுங்கினார், நான் பார்த்தேன். அதற்காக எல்லோரும் தண்டால் எடுத்தோம்.

2 ஜூலை, ஞாயிறு

எனக்கு மேல் கட்டில் மிர்லாண்ட். ஹைதிக்காரி. அவளும் குடியுரிமைக்குத்தான் வந்திருக்கிறாள், அவளுக்கு அம்மாவை அழைக்க வேண்டும். என் காலுறையை உருட்டித் தருகிறாள், அவள் துப்பாக்கியைத் துடைத்துத் தருகிறேன். குடியுரிமை விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: சட்டம் கேட்டால் இந்த நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவாயா? இருவரும் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு "ஆம்" போட்டதை நினைத்து இன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். வேறு என்ன போட முடியும்.

23 ஜூலை

மறுபடியும் தேறவில்லை. இரண்டு மைல். மற்றதெல்லாம் தேறிவிட்டேன் - சுடுவது, பாரம் தூக்குவது, முட்கம்பிக்கு அடியில் ஊர்வது - இந்தப் பாழாப்போன ஓட்டம் மட்டும்.

இன்னும் ஒரு வாய்ப்பு. அதிலும் விட்டால் வேறு படையோடு சேர்த்து முதலிலிருந்து. உறுதிமொழி எடுக்க என் கூட்டத்தோடு நிற்க முடியாது. மிர்லாண்ட் நிற்பாள், நான் நிற்க மாட்டேன். ஒருவேளை வீட்டுக்கே அனுப்பிவிட்டால்? அவனுக்கு என்ன பதில் சொல்றது? உன் வழிய நான் ஓடிக் கடக்க முடியலடா, என் கால் கனமா இருந்துச்சுன்னா? எனக்கு ஏன் இந்த வேலை. பேசாம கெழவிங்களக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்திருக்கலாம். ஏன்.

30 ஜூலை

போன் கொடுத்தார்கள், கொஞ்ச நேரம். அழக் கூடாது என்றுதான் பேச ஆரம்பித்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒச்சோலா சொன்னான்: "ஓடாதே. யாரு ஓடச் சொன்னா? நீ எங்க ஊரு ஸ்டாண்டுல நிக்கிற. மழை வர்றாப்ல இருக்கு. கடைசி வண்டி கெளம்புது. நான் கதவுல தொங்கிக்கிட்டு கூப்பிடுறேன். வண்டிய விட்டுருவியா?"

"நீதான் நிறுத்த மாட்டியே."

"நிறுத்தவே மாட்டேன். நீதான் வந்து ஏறணும்."

இதை மிர்லாண்டிடம் சொன்னேன். கதவில் தொங்குகிறவன் என்னவென்று கூப்பிடுவான் என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். அவள் வாயில் அது வேறு ஏதோ சாமி பேர் மாதிரி வந்தது.

8 ஆகஸ்ட்

தேறிவிட்டேன். தேறிவிட்டேன். தேறிவிட்டேன்.

எழுதியே தீர வேண்டும். கடைசிச் சுற்றில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மிர்லாண்ட் எப்போதோ முடித்தவள், திரும்பி வந்து ஓட்டப்பாதையின் ஓரமாக ஓடிக்கொண்டே கத்துகிறாள்: "கொண்டெலே, கொண்டெலே, ஒரு சீட்டு, ஒரே ஒரு சீட்டு." ஹைதிக்காரி வாயில் கிசுமு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஓடினேன், மூக்கு ஒழுக. கோட்டைத் தாண்டி விழுந்தேன்.

பிக்கெட் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மயிரிழை" என்றார். பிறகு மிர்லாண்டிடம், "நீ என்ன கத்தின?"

"பஸ் கண்டக்டர், டிரில் சார்ஜென்ட்."

இருவரும் தண்டால் எடுத்தோம். என் வாழ்க்கையிலேயே இனிப்பான தண்டால்.

23 ஆகஸ்ட்

இன்று காலை நான் அமெரிக்கக் குடிமகள் ஆனேன்.

ஒவ்வொரு நாட்டின் பெயராக வாசித்தார்கள், பெயர் வந்ததும் எழுந்து நிற்க வேண்டும். ஹைதி என்றபோது மிர்லாண்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கென்யா என்றபோது பின்வரிசையிலிருந்து யாரோ "ஏரிப்பக்கம்" என்றார்கள். அறை முழுக்கச் சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். பிக்கெட் விறைப்பாகச் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

கையை உயர்த்திச் சொன்னோம். இதுவரை எந்த நாட்டின் குடியாக இருந்தோமோ அதன் மீதான விசுவாசத்தை முற்றிலும் துறக்கிறேன் என்று ஒரு வரி. வாய் சொன்னது. மனசு கொஞ்சம் பின்தங்கியது, ஓட்டத்தில் என்னைப் போலவே. ஏரி, மீன் வாசனை, அம்மாவின் கல்லறை... அவற்றையெல்லாம் எப்படித் துறப்பது, யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு சின்னக் கொடி ஒன்று கொடுத்தார்கள். எல்லோரும் ஆட்டினோம். நானும் ஆட்டினேன், கை வலிக்க.

அவூர் அக்கா வந்திருந்தாள், அத்தனை தூரம் பேருந்தில். சீருடையில் என்னைப் பார்த்துவிட்டு, "இளைச்சுட்ட" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. இந்த முறை குழம்பு இல்லை.

அத்தை கொண்டெலே முழுக்கச் சொல்லிவிட்டாராம், மருமகள் பெரிய படைத்தளபதி என்று. திருத்த வேண்டாம் என்று ஒச்சோலாவிடம் சொல்லிவிட்டேன்.

19 நவம்பர். டெக்சஸ்.

பத்துச் சக்கரம். சொந்தமாக ஓட்டினேன். படம் அனுப்பினேன். அவன் பதில்: "கண்ணாடி அழுக்கா இருக்கு."

11 ஆகஸ்ட் 2024

வந்துவிட்டான்.

விமான நிலையத்தில் கதவு திறந்து திறந்து மூடியது. எல்லோரும் வருகிறார்கள், அவன் வரவில்லை. கடைசியில் வந்தான், இரண்டு பெட்டியோடும், கல்யாணத்துக்குப் போட்ட அதே கோட்டோடும். இந்த வெயிலில் கோட்டு. நான் ஓடினேன். யாரும் சொல்லாமல், யாரும் நேரம் பார்க்காமல்.

"எங்கடி உன் துப்பாக்கி?"

"வீட்டுக்குக் கொண்டுபோகக் குடுக்க மாட்டாங்க."

"அப்ப பயமில்ல" என்று கட்டிப்பிடித்தான்.

இப்போது கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்குகிறான், பட்டப்பகலில், ஒரு காலில் செருப்போடு. எழுதுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். இருக்கிறான். மறுபடியும் பார்த்தேன். இருக்கிறான்.

20 செப்டம்பர்

உத்தரவு வந்துவிட்டது. எங்கள் படை போலந்துக்குப் போகிறது. ஒன்பது மாதம். போர் இல்லை, காவலும் பயிற்சியும்தான், ஆனால் பக்கத்து நாட்டில் போர். அடுத்த மாதம் கிளம்ப வேண்டும்.

எப்படிச் சொல்வது? அவன் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். சொன்னேன். தீயைக் குறைத்தான். மீனைத் திருப்பினான். இன்னொரு பக்கமும் சிவந்ததும் எடுத்துத் தட்டில் வைத்தான்.

"ஆக, நான் கடல் தாண்டி வந்தது வீட்டுல காத்துக் கெடக்குற பொண்டாட்டி ஆகறதுக்கு."

"கோவமா?"

"கோவந்தான். சாப்பிடு முதல்ல."

சாப்பிட்டோம். பாதியில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். நிறுத்த முடியவில்லை. முள் தொண்டையில் மாட்டிக்கொண்டு நான் இரும, அவன் முதுகில் தட்ட, அப்போதுதான் கவனித்தேன், அவன் சிரிப்பு எப்போதோ நின்று போயிருந்தது. தட்டிய கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

22 டிசம்பர். போலந்து.

பனி. வண்டிகளின் மேல் தலையணை தலையணையாகக் கிடக்கிறது.

மத்தியானம் ஒச்சோலா கூப்பிட்டான். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. டெக்சஸ் முகாமில், எங்களைப் போல வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் மனைவிமார் சங்கம் ஒன்று இருக்கிறது, அதில் அவன் ஒருவன்தான் ஆண். நேற்று பிள்ளைகளுக்கு விழா. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் யார் போடுவது என்று கேட்டார்களாம், இவன் கையைத் தூக்கிவிட்டான்.

"தாடி ஒட்டவே மாட்டேங்குது. ஒரு பொடிசு அதப் பிடிச்சு இழுத்துட்டு, பரிசெல்லாம் வேணாம், எங்கப்பா எப்ப வருவாரு, அத சொல்லுன்னுச்சு. கூட நின்ன அத்தனையும் கேக்க ஆரம்பிச்சிருச்சுங்க. எங்கம்மா எப்ப, எங்கப்பா எப்ப."

"நீ என்ன சொன்ன?"

"என் பொண்டாட்டி பத்துச் சக்கர வண்டி வச்சிருக்கா, எல்லாரையும் அதுல ஏத்திக்கிட்டு அவதான் வருவான்னு சொல்லிட்டேன்."

ஜன்னல் வழியே பனிக்குள் நிற்கிற என் வண்டியைப் பார்த்தேன்.

"சொல்லிட்டேன்டி. அதனால பாத்து ஓட்டு" என்றான்.

நாளைக்குப் பத்து வண்டிகள் வரிசையாகக் கிளம்புகின்றன, என்னுடையது இரண்டாவது. கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போய் சக்கரங்களின் காற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன். காலையில் ஒரு முறை பார்த்தாயிற்று. இருந்தாலும்.