ராசியான சட்டை

கோர்டல், கான்சாஸ்
டிசம்பர், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரஸலுக்கு,

நோரீன் எழுதுகிறேன். நலம் விசாரித்துத் தொடங்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. நீங்கள் முன்கூட்டியே ஃப்ளோரிடா போய்விட்டீர்கள், போனில் பேசலாம் என்றால் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உதவிக் கோச்சுகளோடு சேர்ந்து சிரிக்கிறீர்கள். நேற்று "டாக்டரே கையெழுத்துப் போட்டுட்டாரு, நீ எதுக்கு நோரீன் கெடந்து குதிக்கிற? போய் அடுப்பப் பாரு" என்றீர்களே, அப்போது பின்னால் கெக்கலித்தது யார் யார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஃபுட்பாலில் இரண்டே ஆட்டம் ஜெயித்த கல்லூரி. நீங்கள் கோச்சாக வந்த முதல் வருஷமே பன்னிரண்டில் பதினொன்று. ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பேக்கரியில் உங்கள் முகம் போட்ட பிஸ்கட் விற்கிறார்கள், பிள்ளைகள் உங்கள் மூக்கைக் கடித்துத் தின்கிறார்கள். நாம் குடிவந்த புதிதில் கடையில் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போவாளே கல்லூரித் தலைவரின் மனைவி, அவள் ஞாயிறன்று சர்ச் வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு முகம் கழுவினேன். பாதிரியார் பிரசங்கத்தில், "நம்ம கோச் பக்கம் ஆண்டவரே நிக்கிறாரு" என்றார். ஆண்டவருக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

அடுத்தது உங்கள் சாம்பல் நிறச் சட்டை. செப்டம்பரில் முதல் ஆட்டத்தன்று அதன்மேல் கடுகு சாஸைக் கொட்டிக்கொண்டீர்கள், ஜெயித்தீர்கள், அன்றிலிருந்து துவைக்கக் கூடாது என்று உத்தரவு. டிவிக்காரர்களுக்காக ஒரே ஒரு நாள் வேறு சட்டை போட்டீர்கள், அன்று தோற்றதும் அதற்கு இன்னும் மவுசு கூடிவிட்டது. கராஜில் அது தொங்கும் மூலைக்குப் பக்கத்து வீட்டு நாய்கூட வருவதில்லை. கார் விற்கும் ஹாலிஸ் நேற்று வந்து, "சீசன் முடிஞ்சதும் இத கண்ணாடிப் பெட்டியில வெச்சு மைதானத்து வாசல்ல மாட்டணும் மேடம்" என்றார். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொன்னார். சீ, என்ன மனிதர்கள்!

இனி உங்கள் அணிப் பையன் ஓட்டிஸ் விஷயம். கடைசி ஆட்டத்தில் கோல் கோட்டுக்கு ஓரடி முன்னால் தலையைக் கொடுத்து எதிராளியை நிறுத்தினான். ஹெல்மெட் இரண்டும் மோதிய சத்தம் மேல் வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. எழுந்தவன் எதிரணி பெஞ்சைப் பார்த்து நடந்தான். நம் ஆட்கள் அதற்கும் சிரித்தார்கள். பிறகு கூட்டம் உள்ளே பாய்ந்தது, உங்களைத் தோளில் தூக்கியது, அவனை யாரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல எல்லோரோடும் வந்தான். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. ஒரு வியாழன்கூடத் தவறாமல் நம் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை, "மேம், பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். "டேய், உனக்கு இது என்ன புது வீடா?" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். கோழிக்கறியைத் தொடவில்லை. சமையலறைக்குத் தனியாக அழைத்து, டாக்டர் சோதனையில் எப்படித் தேறினாய் என்று கேட்டேன். "அது ஈஸி மேம். ஆகஸ்ட்ல கோச் சொன்னாருல்ல, வேணும்னே தப்புத் தப்பாப் போட்டேன். இப்போ நெஜமாவே தப்பு வருது, ரெண்டும் ஒண்ணா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தான்.

ஆகஸ்டில் நம் கொல்லையில் இறைச்சி சுட்டுக்கொண்டே, "ஞாபகசக்தி டெஸ்ட்ல ரொம்பப் புத்திசாலியா இருக்காதீங்கடா, டிசம்பருக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றீர்கள். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேடிக்கை என்றுதான் நானும் நினைத்தேன். அடிபடுவதற்கு முன்பே முட்டாளாக நடித்துவைத்தால், அடிபட்ட பிறகும் அதே மார்க் வரும், அதே மார்க் வந்தால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போடுவார், ஆட்டத்துக்கும் அனுப்புவார். இதைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு என் வீட்டுச் சாப்பாட்டை வைத்துக்கொண்டா சொல்லிக்கொடுத்தீர்கள்? சட்டை நாற்றத்தையாவது கதவை மூடித் தடுக்கலாம்.

ஓட்டிஸை அணிக்குச் சேர்க்கப் போனபோது அர்கன்சாவில் அவன் அம்மா லுவான் வீட்டில் பொரித்த மீன் இரண்டு தட்டு சாப்பிட்டு, "இனிமே இவன் என் புள்ள லுவான், நான் பாத்துக்கறேன்" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னதாக நீங்களே வந்து சொன்னீர்கள். சொல்லும்போது கண்கூடக் கலங்கியது. போன வாரமும் அவள் எனக்கு பெக்கன் பருப்பு வைத்துச் சுட்ட இனிப்பு அனுப்பியிருந்தாள், "கோச் இருக்கும்போது எனக்கு என்ன கவலை" என்று சீட்டு எழுதி. அந்த இனிப்பு, பெட்டியைக்கூடத் திறக்காமல் அப்படியே இருக்கிறது. எந்த முகத்தோடு தின்பது?

சனிக்கிழமை ஃப்ளோரிடாவில் நடக்கும் ஆட்டத்துக்கு அவனை இறக்காதீர்கள். இன்னொரு அடி வாங்கினால் அவன் பாத்ரூமை மட்டுமா மறப்பான்? ஆகஸ்ட் சோதனை பொய் என்று டாக்டரிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். லுவானுக்கும் நீங்களே போன் செய்யுங்கள், அவள் மீனைத் தின்றது நீங்கள்தான். வெள்ளி மதியம்வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு இருவரையும் நானே கூப்பிடுவேன். ஹாலிஸ் அல்ல, இந்த ஊரே திரண்டு வந்தாலும் என்னை நிறுத்த முடியாது.

ஃப்ளோரிடாவுக்கு அணியின் சாமான் ஏற்றிப்போகும் லாரிக்காரர் சட்டையை வாங்க வந்து வாசலில் நிற்கிறார். இந்தக் கடிதத்தை அதன் முன்பக்கப் பையில் வைத்திருக்கிறேன். பார்சலைப் பிரித்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டு முறை வெந்நீரில் போட்டுத் துவைத்தேன். கடுகுக் கறையும் போய்விட்டது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜெயித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இந்த முறை சொல்லமாட்டேன். அவனைப் பத்திரமாக உட்காரவைத்துவிட்டுத் தோற்று வாருங்கள், விமான நிலையத்துக்கே வந்து கூட்டிப்போகிறேன். ஆண்டவர் உங்களுக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

இன்னும் உங்கள் மனைவியான,
நோரீன்